உப்புக்காற்றில் நிற்கும் மஸ்டாங்குக்கு என்ன துணி?

கார் கவர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது ஒன்றுதான்: "மழைக்குத் தாங்குமா?" அந்தக் கேள்விமேல் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு. மழையில் ஓடுவதற்கென்றே செய்த ஒரு பொருளை மழையிலிருந்து காப்பாற்றத் துடிக்கிறோம். பெயின்ட், அதற்குமேல் நிறமில்லாத கிளியர் கோட் பூச்சு, கதவைச் சுற்றி ரப்பர், முன்கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடிய வழி, எல்லாம் வைத்துத்தான் ஆலையிலிருந்து அனுப்புகிறார்கள். மாதக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கும் காரைக் கெடுப்பது மேலே விழுந்து வழிந்தோடும் தண்ணீர் இல்லை. உள்ளே புகுந்துவிட்டு வெளியே போக வழி தெரியாமல் தங்கிவிடும் ஈரம்தான் கெடுக்கிறது. அந்த ஈரத்தைத் தங்க வைப்பது பெரும்பாலும் நாம் காசு கொடுத்து வாங்கிப் போர்த்திய கவர்தான்.

எனக்கு இன்ஜின் பற்றி அதிகம் தெரியாது. துணி தெரியும். கிண்டியில் டெக்ஸ்டைல் டெக்னாலஜி படித்துவிட்டு, திருப்பூரில் பனியன் துணிகளைச் சோதிக்கும் லேபில் பல வருடம் வேலை பார்த்தேன். அதனால் கார் கவர் என்று யாராவது சொன்னால் என் மனம் காரைவிட்டு நேராகத் துணிக்குப் போய்விடும்: என்ன நூல், என்ன நெசவு, என்ன பூச்சு, காற்று போகுமா, நீராவி போகுமா, எத்தனை வெயிலுக்குத் தாங்கும்?

கார் என்னுடையது இல்லை, தம்பியுடையது. அவன் மர்ச்சன்ட் நேவியில் இன்ஜினியர். கப்பல் ஏறிவிட்டால் ஐந்தாறு மாதம் ஆளைப் பார்க்க முடியாது. அவன் சேர்த்து வைத்து, செகண்ட் ஹேண்டில் வாங்கியது ஒரு வெள்ளை ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, ஐந்து லிட்டர் வி8. இந்தக் கார் இந்தியாவுக்கு அதிகாரபூர்வமாக வந்தது 2016 ஜூலையில். அப்போது ஷோரூம் விலை சுமார் 65 லட்சம். 1964-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் மஸ்டாங் வரிசையில் ஆலையிலேயே வலதுபக்க ஸ்டியரிங் வைத்து வந்த முதல் தலைமுறை இதுதான். மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை இருந்தும் இது அங்கே உருவானதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ளாட் ராக் என்ற ஊரில் செய்து, கடல் வழியாக வந்து இறங்கியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. இனி இந்தக் காரின் பானட்டில் ஏதாவது ஆகிவிட்டால், புதுசு மாட்டிக்கொள்ளலாம் என்று அலட்சியமாகச் சொல்ல முடியாது. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

"அக்கா, நல்ல கவரா பார்த்து போட்டு வச்சிடு. காசு எவ்ளோ ஆனாலும் பரவால்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். காசு எவ்வளவு ஆனாலும் என்று சொல்பவர்களுக்குத்தான் கடைகளில் மிக மோசமான கவரை விற்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

கார் நிற்கும் இடத்தைச் சொல்லாமல் துணியைப் பற்றிப் பேசுவது வீண். திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போகக்கூடிய தூரத்தில் எங்கள் அபார்ட்மென்ட். ஸ்டில்ட் பார்க்கிங். தலைக்கு மேல் கான்கிரீட், மூன்று பக்கம் திறப்பு. நேர் வெயில் காலையில் கிழக்கிலிருந்து சாய்வாகக் கொஞ்ச நேரம் படும், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் அடித்தால் காரின் ஒரு பக்கம் முழுக்க நனையும். மேலே பைப்புகளின்மீது புறாக்கள் குடியிருக்கின்றன. கீழே பூனைகள். காம்பவுண்டுக்கு வெளியே எப்போதும் ஏதாவது ஒரு வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள், அந்த சிமென்ட் தூசி. எல்லாவற்றுக்கும் மேல் மதியத்துக்குப் பிறகு கடலிலிருந்து வீசும் காற்று, அதில் கலந்து வரும் உப்பு.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கவர் தேர்வே அதைச் சுற்றித்தான் இருக்கிறது. சோடியம் குளோரைடு ஒரு வரம்பு வரைக்கும் காய்ந்த தூளாக இருக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானே கரைந்து உப்புநீராகிவிடும். கடல் உப்பில் கூடவே வரும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அடுக்களையில் கல்லுப்பு ஜாடி மழை நாளில் நீர் கோத்துக்கொள்கிறதே, அதேதான் காரின் தகட்டிலும் நடக்கிறது. சென்னைக் கடற்கரையோரம் ராத்திரியில் ஈரப்பதம் 75-க்கு மேலே போவது சாதாரணம். அதாவது ஒரு சொட்டு மழை இல்லாமலே, தினமும் இரவு காரின்மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் உருவாகிறது. காலையில் காற்றோட்டம் இருந்தால் கொஞ்சமாவது காயும். காற்று புகாத ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அது காயவே காயாது. கடலோரத்துக்காரர்களுக்கு இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் தானாக வந்துவிடும்.

மஸ்டாங்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்தத் தலைமுறையின் பானட்டும் முன் ஃபெண்டர்களும் அலுமினியம். அலுமினியம் துருப்பிடிக்காது என்று நாம் பொதுவாகச் சொல்வோம். இரும்பைப் போலச் சிவப்பாகத் துருப்பிடிக்காதுதான். ஆனால் உப்பும் ஈரமும் பெயின்ட்டுக்கு அடியில் புகுந்தால் அலுமினியமும் அரிக்கும். பெயின்ட் சின்னச் சின்னக் கொப்புளமாகத் தூக்கும். அதிலும் பானட்டின் முன் விளிம்பு, தகட்டை மடித்து ஒட்டியிருக்கும் இடம், ஈரம் உட்கார்ந்துகொள்ள வசதியான மடிப்பு. அமெரிக்காவில் மஸ்டாங் வைத்திருப்பவர்கள் நெடுநாளாகப் பேசிவரும் விஷயம் இது. அலுமினியப் பாகங்களில் பெயின்ட் தூக்குவது பற்றி ஃபோர்டே 2004-ல் டீலர்களுக்குத் தொழில்நுட்பக் குறிப்பு அனுப்பியிருக்கிறது. ஆகவே இந்தக் காருக்கு நான் தேடியது ஈரத்தை உள்ளே விடாத கவர் இல்லை, ஈரத்தை உள்ளே தங்க விடாத கவர். இரண்டும் வேறு வேறு துணி.

ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். சென்னையில் கார் சாமான் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுதான். கடைக்காரர் வெள்ளிநிறக் கவர் ஒன்றை உதறி விரித்துக் காட்டினார்.

"மேடம், இது நூறு பர்சன்ட் வாட்டர் ப்ரூஃப். தண்ணி ஊத்தி காட்டட்டுமா?"

"தண்ணி வேண்டாம்ணே. இதுல காத்து போகுமா?"

"காத்து போனா தண்ணியும் போயிடுமே மேடம்!"

அவர் சொன்னது அவரிடமிருந்த துணிக்கு முழு உண்மை. அது 190டி டஃபேட்டா. மெல்லிய பாலியஸ்டர் நெசவு, அதன்மேல் வெள்ளிப் பூச்சு. கவர் பெட்டிகளில் 190டி என்றும் 600டி என்றும் எழுதியிருப்பார்கள். பார்க்க ஒரே கணக்கு போலத் தெரியும், இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. 190-க்குப் பக்கத்தில் வரும் ஆங்கில எழுத்து T, ஒரு அங்குலத்தில் பாவு நூலும் ஊடை நூலும் சேர்த்து எத்தனை என்பதைச் சொல்வது. 600-க்குப் பக்கத்தில் வருவது D, டெனியர், அதாவது 9000 மீட்டர் நூலின் எடை கிராமில். முதலாவது நெருக்கம், இரண்டாவது நூலின் தடிமன். 600 பெரிய எண் என்பதால் மூன்று மடங்கு நல்ல துணி என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. கேட்க வேண்டியது ஜிஎஸ்எம், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று. அதுகூட எடையைத்தான் சொல்லும், சுவாசத்தைச் சொல்லாது. துணி வழியே ஒரு நாளில் எத்தனை கிராம் நீராவி வெளியேறும் என்பதற்கு லேபில் தனிச் சோதனை உண்டு. நான் பார்த்த எந்தக் கார் கவர் பெட்டியிலும் அந்த எண் அச்சடிக்கப்பட்டிருக்கவில்லை.

வெள்ளிப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பும், அது நிஜம். திறந்த வெளியில் நிற்கும் காருக்கு அது ஒரு உதவிதான். ஆனால் அந்தப் பூச்சைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் பாலியூரிதேன். மலிவான வகைகள் ஈரக்காற்றில் வருடம் போகப்போகச் சிதையும். முதலில் பிசுபிசுக்கும், அப்புறம் செதில் செதிலாக உரியும். பழைய குடையையோ ரெயின்கோட்டையோ பரணிலிருந்து எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிசுபிசுப்பு தெரிந்திருக்கும். சூடான பெயின்ட்மேல் அது ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. திருவான்மியூர்க் காற்றில் அந்த வேலை சீக்கிரமே நடக்கும்.

அடுத்து அவர் காட்டியது நான்-ஓவன், நெய்யாத துணி. மூன்று அடுக்கு, நான்கு அடுக்கு என்று விற்கிறார்கள். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் முகத்தில் மாட்டியிருந்த மூன்றடுக்கு மாஸ்க் இதே குடும்பம்தான்: இரண்டு பக்கமும் ஸ்பன்பாண்ட், நடுவில் மெல்ட்ப்ளோன் என்ற மிக நுண்ணிய இழை அடுக்கு. நீராவி போகும், தூசி நிற்கும், தண்ணீர் கொஞ்ச நேரம் உருண்டோடும். வெளிநாட்டில் பேர்பெற்ற கவர்கள் பலவும் இந்த முறையில் வந்தவையே. குறை என்னவென்றால் இது பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். புற ஊதாக் கதிர் பட்டால் பாலிப்ரோப்பிலீனின் மூலக்கூறுச் சங்கிலி சீக்கிரம் அறுந்துபோகும். அதைத் தடுக்கும் ஸ்டெபிலைசரை நூல் இழுக்கும்போதே சரியான அளவில் கலக்க வேண்டும். கலந்தார்களா இல்லையா என்று துணியைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. கலக்காதது நம்மூர் வெயிலில் கையால் பிடித்தால் பொடியாக உதிரும், அந்தப் பொடி பெயின்ட்மேல் விழும். நிழலில் நிற்கும் காருக்கு இது மோசமில்லாத தேர்வு. கொஞ்சம் சொரசொரப்பு இருக்கிறது என்பதால் நான் விட்டுவிட்டேன்.

ஃப்ளானல் பருத்தி கவர் வைத்திருந்தார்கள். தொட்டால் கையை எடுக்க மனம் வராது. பழைய கார் சேகரிப்பவர்கள் அதைத்தான் விரும்புவார்கள், மூடிய கராஜ் இருந்தால் அது ராஜா. எனக்கும் பருத்திமேல் தனிப் பிரியம் உண்டு, உடுத்துவது எல்லாம் பருத்திதான். ஆனால் 65 சதவீத ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் எட்டரை சதவீதம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் பிடிப்பது வெறும் 0.4 சதவீதம். நாம் உடுத்தும்போது இதம் தரும் அதே குணம், உப்புக்காற்றில் மாதக்கணக்கில் தகட்டோடு ஒட்டி நிற்கும்போது ஆபத்து. மார்கழியில் ஒரு முறை நனைந்தால் காய நாளாகும், பூஞ்சை பிடிக்கும். கோயம்புத்தூரில் பூட்டிய ஷெட்டில் நிற்கும் காராக இருந்தால் யோசிக்காமல் வாங்கியிருப்பேன்.

இன்னொன்று அக்ரிலிக். கடற்கரை ஓட்டல்களில் பெரிய குடை, முற்றத்துச் சாய்கூரை இவற்றுக்குப் போடும் துணி. சன்ப்ரெல்லா என்ற பெயரில் அமெரிக்காவின் க்ளென் ரேவன் நிறுவனம் 1961-லிருந்து செய்கிறது. நிறத்தை நூலுக்கு மேல் ஏற்றாமல், நூல் ஆவதற்கு முன்பே கூழில் கலந்துவிடுவதால் வருடக்கணக்கில் வெளுக்காது. காற்று போகும். மொட்டை வெயிலில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு என்னைக் கேட்டால் இதற்கு மேல் துணி இல்லை. விலையும் எடையும் அதிகம், உள்பக்கம் மென்மையான லைனிங் இல்லாமல் பெயின்ட்மேல் போடக் கூடாது. எங்கள் கார் நிழலில் நிற்பதால் இந்தச் செலவுக்கு அவசியம் இருக்கவில்லை.

கடையிலிருந்து துண்டுத் துணிகள் கேட்டு வாங்கி வந்து வீட்டில் ஒரு சோதனை செய்தேன். லேப் வேண்டாம், அடுப்பங்கரை போதும். எவர்சில்வர் டம்ளரில் பாதிக்குக் கொதிக்கும் தண்ணீர். வாயில் துணியை இழுத்துப் போர்த்தி ரப்பர் பேண்ட். ஃப்ரிட்ஜில் வைத்த எவர்சில்வர் தட்டு ஒன்றை ஒரு விரல்கடை உயரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக் கவர் துணிக்கு மேலே தட்டு பளபளவென்று அப்படியே இருந்தது. துணியைக் கழற்றித் திருப்பினேன். உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், விரலால் தடவினால் வழிந்து மணிக்கட்டுவரை வந்தது. கவருக்கு அடியில் இரவு பகல் மாறும்போது நடப்பது இதுதான், கண்ணுக்குத் தெரிவதில்லை. நான்-ஓவனில் தட்டு கொஞ்ச நேரத்தில் மங்கியது. கூடவே வைத்துப் பார்த்த ஒரு பின்னலாடைத் துணியில் உடனே மங்கியது. வாயால் ஊதிப் பார்த்துத் துணி வாங்குகிறவர்கள் உண்டு. அது காற்றை மட்டும் காட்டும். காற்றைத் தடுத்து நீராவியை விடும் துணிகளும் உலகில் இருக்கின்றன. அதனால் டம்ளர் சோதனைதான் நம்பகமானது.

முடிவில் நான் தேர்ந்தெடுத்தது எந்தக் கவர் கடையிலும் இல்லாத துணி. விளையாட்டு உடைக்குப் போடும் பின்னல் துணி, பாலியஸ்டரும் ஸ்பான்டெக்ஸும் கலந்தது, நான்கு பக்கமும் இழுபடும், உள்பக்கம் பஞ்சு எழுப்பியது, 220 ஜிஎஸ்எம். திருப்பூரில் பழைய சிநேகிதி ஒருத்தி மூலம் கிலோ கணக்கில் வாங்கினேன். பனியன் துணியை அங்கே மீட்டரில் யாரும் விற்பதில்லை. கார் 4.78 மீட்டர் நீளம், கண்ணாடிகளை விட்டுவிட்டால் 1.91 மீட்டர் அகலம், உயரம் 1.4 மீட்டர்கூட இல்லை. பானட்டிலிருந்து கூரை ஏறி பின்னால் இறங்க ஆறு மீட்டர் எடுத்தால் கச்சிதம். நடுவே ஒரு பட்டை, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. எல்லாம் சேர்த்துச் சுமார் ஆறு கிலோ.

நிறம் இளஞ்சாம்பல். காரணம் இருக்கிறது. பாலியஸ்டருக்கு ஏற்றும் சாயம் சூட்டில் இடம் மாறும் தன்மை உள்ளது. வெள்ளைக் காரின்மேல் கருஞ்சிவப்போ நீலமோ போர்த்தி ஒரு கோடையை ஓட்டினால் பெயின்ட்டில் நிழல் விழலாம். நான் வாங்கியது டோப் டை, நூலாகும்போதே நிறம் கலந்தது. அப்படியும் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, மடித்து, துணியின் உள்பக்கத்தில் ஒரே இடத்தில் முன்னும் பின்னும் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. எந்தக் கவர் வாங்கினாலும் இதைக் கடையிலேயே செய்து பாருங்கள். ஒரு நிமிட வேலை.

தைத்துத் தந்த மாஸ்டர் அடையாறில் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். கார் எங்கே நிற்கிறதோ அங்கேயே வந்து டேப் பிடித்து அளந்தார். பானட்டின் நடுவில் எழும்பி நிற்கும் முதுகைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "மேடம், இங்க துணிய மடிச்சு டார்ட் போட்டா தையல் பெயின்ட்ல உக்காந்துடும். துணியையே இழுத்து விட்டுக்கலாம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம் வேலையைக் கொடுத்தேன். தையல் எல்லாம் ஃப்ளாட்லாக், இரண்டு பக்கமும் தட்டையாகப் படுத்திருக்கும். ஓவர்லாக் போட்டிருந்தால் தையல் மேடு உள்ளே திரும்பி, காற்று அசைக்கும்போதெல்லாம் ஒரே கோட்டில் தேய்த்துக்கொண்டே இருக்கும். கிளியர் கோட்டின் தடிமன் 40, 50 மைக்ரான் அளவுதான், ஒரு தலைமுடியைவிட மெலிது. அதைத் தேய்த்துத் தீர்க்க அதிக நாள் வேண்டாம். நூல் பாலியஸ்டர், கீழ் விளிம்பைச் சுற்றி ஒரு அங்குல எலாஸ்டிக். கொக்கி, ஜிப், பக்கிள் என உலோகம் எதுவும் கிடையாது. முன்பக்கம் எது என்று தெரிய உள்ளே சிவப்பு நூலில் ஒரு சின்ன அடையாளம்.

இந்த இறுக்கம்தான் பின்னல் துணியின் பெரிய லாபம். கடையில் விற்கும் "எக்ஸ்எல் செடான்" கவர் மஸ்டாங்கின் நீண்ட பானட்டுக்கும் தாழ்ந்த கூரைக்கும் சேராது. நடுவில் தொளதொளவென்று நிற்கும், காற்றடித்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும். உள்ளே மாட்டிய ஒரு துளி மணல் போதும், மெல்லிய வட்டக் கீறல்கள் விழ. கவர் கீறிவிட்டது என்று சொல்கிற பலருக்கும் கீறியது துணி இல்லை, தொளதொளப்பும் அதற்கு அடியில் இருந்த தூசியும்தான். பக்கத்து ஃப்ளாட் அண்ணன் ஒருவர், "செராமிக் கோட்டிங் போட்ட வண்டிக்கு எதுக்குமா கவர்?" என்று கேட்டார். கோட்டிங் மிக மெல்லிய படலம். அழுக்கை எளிதாகக் கழுவ உதவும். மணலோடு தேய்க்கும் துணியை எதிர்த்து நிற்காது.

ஆகவே போர்த்துவதற்கு முன் காரைக் கழுவித் துடைத்துக் காய வைப்பதுதான் வேலையின் பாதி. எங்கள் போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் கடைசி ஒரு பக்கெட் மட்டும் மெட்ரோ வாட்டர். கதவுகளையும் பானட்டையும் திறந்து வைத்து, மடிப்புகளில் நின்ற நீர் காயும்வரை விட்டுவிட வேண்டும். பானட் முன் விளிம்பின் அடிப்பக்கத்தை ஒரு துணியால் ஒற்றி எடுப்பேன். ஓட்டி வந்த சூட்டோடு ஒருபோதும் போர்த்தக் கூடாது, வி8 இன்ஜினின் சைலன்சர் முனை பாலியஸ்டரை உருக்கிவிடும். கையை வைத்தால் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கவரை எடுப்பேன்.

போடுவதும் கழற்றுவதும் தனிக் கலை. கழற்றும்போது இரண்டு பக்கத்தையும் தூக்கிக் கூரைமேல் மடித்து, பின்னாலிருந்து முன்னால் சுருட்டிக்கொண்டு வர வேண்டும். அப்போது தூசி பட்ட வெளிப்பக்கம் உள்பக்கத்தைத் தொடாது. அப்படியே சுருளாகத் தைத்த ஒரு பையில் போய்விடும். தரையில் போட்டுவிட்டுத் திரும்ப எடுத்துப் போர்த்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறும். எங்கள் வாட்ச்மேன் அண்ணனுக்கு இதை ஒரு முறை காட்டினேன். இப்போது என்னைவிட ஒழுங்காகச் செய்கிறார்.

புறா எச்சம் கவர்மேல் விழுந்தால் நல்லது என்றே சொல்வேன், பெயின்ட்மேல் விழவில்லையே. ஆனால் பின்னல் துணியில் அது ஊறி இறங்கும், அதனால் பார்த்த அன்றே நனைத்துத் துடைத்துவிட வேண்டும். பூனை பானட்டில் ஏறிப் படுக்கும். நகம் இந்தக் கனத் துணியைத் தாண்டிப் பெயின்ட்டைத் தொட்டதாக இதுவரை நான் காணவில்லை. வெள்ளிக் கவரில் பூனை வழுக்கும், வழுக்கும்போது நகத்தை ஊன்றும். பெருச்சாளிதான் கவலை. கவர் எதுவானாலும் அதன் அடியில் இருட்டும் மறைவும் கிடைக்கிறது. வாரம் ஒரு நாள் கவரைக் கழற்றி பானட்டைத் திறந்து பார்ப்பது அதனால்தான். அதே சாக்கில் காற்றும் படும்.

கவரை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மிதமான லிக்விட் சோப்பில் அலசி நிழலில் காய வைக்கிறேன். கம்ஃபர்ட் மாதிரி ஃபேப்ரிக் சாஃப்ட்னர் வேண்டவே வேண்டாம். அது இழைகளின்மேல் படிந்து, சாரல் நீர் சட்டென்று பரவிக் காயும் குணத்தைக் கெடுக்கும். சாரல் அடிக்கும் நாட்களில் கிழக்குப் பக்கக் கவர் நனையத்தான் செய்கிறது. நனையட்டும். மழை விட்டுக் காற்று வீசினால் அரை நாளில் காய்ந்துவிடுகிறது, துணியும் சரி, அதற்கு அடியில் கதவும் சரி. கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

புயல் என்றால் கதை வேறு. 2016 டிசம்பர் 12-ல் வர்தா வந்தபோது தெருவில் கிழிந்து பறந்த கார் கவர்கள் மின்கம்பிகளில் தொங்கியதைப் பார்த்தேன். பெருங்காற்றில் கவர் காப்பாற்றாது, காரை அடிக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் சமயத்தில் பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து போனதை எல்லோரும் பார்த்தோம், அந்தத் தண்ணீருக்கு எந்தத் துணியும் பதில் இல்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அது அனுபவம் கற்றுக்கொடுத்த சரியான புத்தி. எச்சரிக்கை வந்தால் நானும் கவரைச் சுருட்டி டிக்கியில் போட்டுவிட்டு, காரை மேடான இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி ஒருவரை ஏற்பாடு செய்து வைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்குத் தலைக்கு மேல் கூரை இருக்காது, தெருவோரத்திலோ திறந்த காம்பவுண்டிலோதான் கார் நிற்கும். அவர்கள் என் துணியை வாங்கக் கூடாது. ஸ்பான்டெக்ஸ் நேர் வெயிலுக்குத் தாங்காது, ஒரே கோடையில் தொய்ந்துவிடும். கவருக்கு ஒதுக்கிய பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து நான்கு பைப் நட்டு ஒரு ஷீட் கூரை போட முடியுமா என்று முதலில் பாருங்கள். கூரை வெயிலையும் எச்சத்தையும் தடுத்துவிடும், காற்றைத் தடுக்காது. எந்தக் கவரும் அதற்கு ஈடில்லை. முடியாது என்றால் லைனிங் வைத்த அக்ரிலிக், அதுவும் கட்டுப்படியாகாது என்றால் உள்பக்கம் பஞ்சு வைத்த நான்-ஓவன், வயிற்றுக்கு அடியில் கட்ட ஒரு நாடாவோடு. தினமும் எடுக்கும் கார் என்றால் கவரே வேண்டாம். தூசி படிந்த காரைத் தினமும் மூடித் திறப்பதைவிட, வெறுமனே விட்டு வாரம் ஒரு முறை நன்றாகக் கழுவுவது பெயின்ட்டுக்கு நல்லது.

வெள்ளிக் கவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. உச்சி வெயில் நேரத்துக்கு மட்டும் போட்டு, சாயங்காலம் எடுத்துவிடுங்கள். ராத்திரியில் கார் திறந்தே இருக்கட்டும்.